கூடம் கோணல்

குளிக்கப் போனவர் சட்டையைக் கழற்ற முடியாமல் குளியலறைக்குள்ளேயே கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தார். இடது கை தோளுக்கு மேலே போகவில்லை, முதுகுக்குப் பின்னாலும் போகவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு மனைவியைக் கூப்பிட்டார். தைத்துக்கொண்டிருந்த அவள் வாயில் இருந்த குண்டூசிகளை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் கழற்றுவதுபோல் முதலில் நல்ல கையை உருவினாள், அப்புறம் வலிக்கிற கையை.

"இதை நேத்தே சொன்னா வாய்ல முத்து உதிர்ந்திருமா?" என்றாள்.

மருத்துவர் தோளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மூட்டு இறுகிவிட்டது என்றார். பாரம் தூக்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, மூன்று மாதமாவது ஆகும். முப்பது வருஷமாக நீரேற்று நிலையத்தில் ஆள் உயரக் குழாய்களுக்கு வால்வு திருப்பிய தோள் அது. அங்கே அவருக்கு ஃபிட்டர் என்றுதான் பெயர். தெருவிலும் அதுவே நின்றுவிட்டது. மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்ததால் அவள் தையல்காரம்மா. மகளை வேறு ஊரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான்.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பழைய கேம்பர் வேன் நின்றது. தெருக்காரர்கள் அதைப் 'படுக்கை வண்டி' என்பார்கள். உள்ளே மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி, ஜன்னல்களுக்குத் தையல்காரம்மா தைத்த திரைகள். வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. மகள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் விடுமுறை விட்டால் போதும், மூவரும் ஏரிக்கரையிலோ கடலோரத்திலோ போய்த் தங்கிவிடுவார்கள்.

வண்டியில் ஒரு குறை உண்டு. கியர் விழாது. முதல் கியரிலிருந்து இரண்டுக்குத் தள்ளுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ரிவர்ஸ் அதைவிட மோசம். ஃபிட்டர் மட்டும் அதற்கு ஒரு கைப்பக்குவம் வைத்திருந்தார். கிளட்சை மிதித்து, ஒரு கணம் பொறுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, உடம்போடு சேர்த்து ஒரே தள்ளு. மச்சினன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறி, தெருமுனை தாண்டுவதற்குள் வேர்த்து விறுவிறுத்து இறங்கினான். "மாமா, இது வண்டியா, மல்லுக்கட்டுற மாடா?" என்றான். ஃபிட்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "இது என் கைக்குத்தான் அடங்கும் மாப்ள" என்று ஊரெல்லாம் சொன்னார்.

தையல்காரம்மாவும் ஓட்டப் பழகினாள். ஓட்டுநர் பள்ளியின் சின்னக் காரில் ஓட்டி, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். இந்த வண்டியில் ஏறினால் மட்டும் நடுத்தெருவில் நின்றுவிடும். "கியர் ரொம்ப இறுக்கமா இருக்குங்க" என்றாள். அப்போது மச்சினனும் அவன் மனைவியும் விருந்துக்கு வந்திருந்தார்கள். ஃபிட்டர் அவர்கள் எதிரிலேயே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்த நாள் வந்து நான்கு வருஷம் ஆகிறது. காலை ஒன்பதரைக்கு மச்சினன் போன் செய்தான். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, உன்னைத்தான் கேட்கிறாள், உடனே வா என்றான். ஃபிட்டர் நிலையத்தில் வெடித்த குழாய்க்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். போன் மேலே சட்டைப் பையில் இருந்தது. அவள் நான்கு தடவை அடித்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். ரிவர்ஸ் விழவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள், காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். எப்படியோ விழுந்து வண்டி தெருவுக்கு வந்தது, அப்புறம் இரண்டாவது கியர் விழாமல் குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் ஒரு பால் வண்டி, பின்னால் நான்கு பேர் ஹாரன். எதிர்வீட்டு டீச்சர் வெளியே வந்து தெருவில் நின்றவர்களைக் கூட்டி, வண்டியைத் தள்ளி ஓரங்கட்டினாள். தையல்காரம்மா ஓட்டமும் நடையுமாகப் பஸ் நிலையத்துக்குப் போனாள். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். பதினொன்றரைக்கே உயிர் போயிருந்தது. வந்துட்டாளா, வந்துட்டாளா என்று அம்மா மூன்று தடவை கேட்டாளாம்.

மச்சினனின் துக்கம் கோபமாகத் திரும்பி அக்கா மேல் விழுந்தது. "வாசல்ல வண்டியை நிப்பாட்டிட்டு பஸ்ல வந்தவதானே நீ" என்றான். சொந்தபந்தத்தில் அந்தப் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் ஒவ்வொருவரிடமும் "எனக்குக் கை வரல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அன்றைக்கு இரவு ஃபிட்டர் அவள் தலையைத் தடவி, "உன் தப்பு இல்ல, விடு" என்றார். யார் தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

இப்போது மச்சினன் அந்த வீட்டை விற்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாவியை ஒப்படைக்க வேண்டும். சனிக்கிழமை வந்து அம்மாவின் சாமான்களில் வேண்டியதை எடுத்துக்கொண்டு போ, மிச்சத்தைப் போட்டுவிடுவேன் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். போன்கூடச் செய்யவில்லை, வெறும் செய்திதான்.

புதன்கிழமை சாயங்காலம் மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ரொட்டியைச் சுட்டு, முட்டையைப் பொரித்து, தட்டை அவர் வலது கைப் பக்கம் வைத்தாள்.

"அம்மாவோட இரும்புக் கட்டிலும் மர அலமாரியும் எனக்கு வேணும்" என்றாள்.

"வேற வண்டி பாக்கலாமே. டிரைவரோட வரும்."

"நம்ம வண்டி சும்மாதானே நிக்குது?"

"நான் ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாரே."

அவள் கொஞ்ச நேரம் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாக யோசித்து வைத்ததைச் சொல்கிற மாதிரி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"சிரிக்காம கேளுங்க. எனக்கு ஸ்டியரிங் வரும், பிரேக் வரும். கியர்தான் கைக்கு வரல. நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க. நான் கிளட்ச் மிதிச்சு 'ம்'னு சொல்றேன், நீங்க வலது கையால கியரைப் போடுங்க. மெதுவாப் போனா போய்ச் சேந்துரலாம்ல?"

ஃபிட்டர் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். நாலு வருஷமாகக் குற்றம் தன் கையில்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். இறுகிப்போன கியருக்கு இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

"அதெல்லாம் வேணாம்" என்றார். "கியரைச் சரி பண்ணிடலாம். ஒரு காலை வேலைதான்."

வாய் தவறி வந்துவிட்டது. அவள் தட்டை எடுக்கப் போனவள் நின்றாள்.

"ஒரு காலை வேலையா?"

"ம்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிட நிதானமாகக் கேட்டது.

வியாழக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது, தரை சிமெண்ட் கறுத்து ஈரமாக இருந்தது. இந்தத் தோளோடு ஃபிட்டரால் வண்டிக்கு அடியில் போக முடியாது. தெரிந்த மெக்கானிக் அடுத்த வாரம்தான் வர முடியும் என்றுவிட்டான்.

"நான் போறேன்" என்றாள் தையல்காரம்மா. "நீங்க சொல்லுங்க."

மகளின் பழைய விளையாட்டுக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலில் நின்று, "என்ன தையல்காரம்மா, இன்னைக்கு வண்டிக்கு அளவு எடுக்குறீங்களா?" என்றாள். "ஆமா டீச்சர், இடுப்புல கொஞ்சம் இறுக்கமாம்" என்றாள் இவள். ஃபிட்டரால் சிரிக்க முடியவில்லை.

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். அவர் ஒற்றைக் கையால் ஜாக்கியைக் காட்ட, அவள் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி வைத்து, வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"முதல்ல இன்ஜின் போடாமலே கியரைத் தள்ளிப் பாரு."

"தள்ளுறேன். அதே இறுக்கம்தான்."

"அப்போ கிளட்ச் கோளாறு இல்ல. கிளட்சா இருந்தா, இன்ஜின் நின்னதும் லேசா விழும். இனி ரெண்டுல ஒண்ணு. கியர் பெட்டிக்குள்ள இருக்கணும், இல்லைன்னா பெட்டிக்குப் போற ராடுல இருக்கணும்."

அந்த வண்டிக்கு இன்ஜினும் கியர் பெட்டியும் பின்னால். முன்னால் இருக்கிற கியர் கம்பிலிருந்து பெட்டிவரை அடியில் ஒரு நீள ராடு போகிறது. பழைய சாக்கை விரித்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு, அவள் மல்லாந்து உள்ளே நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மெஷின் மிதித்து மிதித்து வலது பெருவிரல் சற்று வெளிப்பக்கம் வளைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கவனித்ததில்லை.

"ராடு பெட்டியில சேர்ற இடத்துல ஒரு கிளாம்ப் இருக்கும், பாத்தியா?"

"இருக்கு. போல்ட்டைக் கழட்டவா?"

"கழட்டுறதுக்கு முன்னாடி..."

"அடையாளம் போட்டுட்டேன். துணியில கோடு போடுற சாக்குக்கட்டி கையிலதான் இருக்கு. எந்த இடத்துல பொருந்துச்சோ அதே இடத்துல திருப்பி மாட்டணும், அதானே?"

அவர் சொல்ல வந்தது அதுதான். ஸ்பேனரை அவள் பாதத்தின் பக்கத்தில் வைத்தார். கை வெளியே வந்து எடுத்துக்கொண்டது. மூன்று தடவை முனகல் கேட்டது, பிறகு போல்ட் இளகுகிற கீச்சென்ற சத்தம்.

"கழண்டுருச்சு."

"இப்போ பெட்டியில இருந்து நீட்டிக்கிட்டு இருக்கிற சின்னக் கையை அப்படியும் இப்படியும் நகத்திப் பாரு."

கேட்கும்போதே அவருக்கு விடை தெரியும். கியர் பெட்டிக்குள்ளிருந்து மெதுவாக, க்ளக் என்று ஒரு சத்தம். மறுபடி க்ளக்.

"ஏங்க."

"சொல்லு."

"ரெண்டு விரலால நகருது."

அவர் குனிந்து சாக்கின் ஓரத்தை நேராக்கினார்.

"ரெண்டே விரல்ல நகருதுங்க. ஊசிக்கு நூல் கோக்கிற பலம்கூட வேணாம்."

"பெட்டி நல்லா இருக்கு. நடுவுல ராடு புஷ்ஷுன்னு ஒரு வளையத்துக்குள்ள நுழைஞ்சு போகும். அதுக்கு மேல ரப்பர் மூடி இருக்கும். கிழிஞ்சிருக்கா பாரு."

"மூடியே இல்ல. மண்ணு கல்லாட்டம் இறுகிக் கிடக்கு. அதுக்குள்ள ராடு செத்துப்போய் மாட்டிக்கிட்டு இருக்கு."

"மூடி கிழிஞ்சு தண்ணியும் மண்ணும் உள்ள போயிருச்சு. கிரீஸ் காஞ்சு, ராடு துருப்பிடிச்சு... அவ்வளவுதான். புஷ்ஷை மாத்தி, ராடைச் சுத்தம் பண்ணி, கிரீஸ் வச்சா முடிஞ்சுது."

"புதுசு கிடைக்குமா? பழைய வண்டியாச்சே."

ஃபிட்டர் தகரக் கூரையைப் பார்த்தார். ஒரு சொட்டு உருண்டு திரண்டு விழ மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள இருக்கு" என்றார். "ஸ்பேனர் வைக்கிற அலமாரியில மேல் தட்டு. பொட்டலம்."

பாதங்கள் அசையவில்லை.

"எப்ப வாங்கினீங்க?"

பொய் சொல்லிவிடலாம். போன மாதம் என்றால் முடிந்தது. பொட்டலத்தில் தேதியா எழுதியிருக்கிறது? ஆனால் அவள் முகம் தெரியாமல், மிதித்து வளைந்த அந்த விரலை மட்டும் பார்த்துக்கொண்டு அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஏழு வருஷம் இருக்கும்" என்றார்.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அம்மா அப்போ இருந்தாங்க" என்றாள் அவள், அடியிலிருந்து.

"ஆமா."

"நீங்களே மாட்டியிருக்கலாம். வெளியாள் வேணாம்."

"ஆமா. வாங்கிட்டு வந்த அன்னைக்கே மாட்டியிருக்கலாம். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிப் போட்டேன். ஊர்க் குழாயெல்லாம் நான்தான் அடைப்பேன், நம்ம வீட்டுக் குழாய் ஒழுகிக்கிட்டே இருக்கும், தெரியும்ல உனக்கு." அவர் நிறுத்தினார். அது பாதி உண்மைதான், அவருக்கே தெரிந்தது. "அப்புறம்... சோம்பல் மட்டும் இல்ல. உன் தம்பி ஓட்ட முடியாம இறங்கினான்ல, அன்னைக்கு எனக்கு நல்லா இருந்துச்சு. நீ ஓட்ட முடியாம இறங்கினப்போவும் நல்லாதான் இருந்துச்சு. என் கை இல்லாம இது நகராதுன்னு இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். வேணும்னு செய்யல. ஆனா வேணாம்னும் சொல்லிக்கல."

அடியில் டார்ச் வெளிச்சம் மெதுவாக நகர்ந்து நின்றது. பிறகு அவள் சொன்னாள்.

"கூடம் கோணல்தானுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமோ அழுகையோ குரலில் இல்லை. துணியில் தையல் எங்கே பிசகியது என்று கண்டுபிடித்தவள் சொல்வதுபோல இருந்தது.

"பொட்டலத்தை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவர் எடுத்து வந்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேலை. பழைய புஷ்ஷைத் திருப்புளியால் குத்திக் குத்தித் துண்டு துண்டாக வெளியே எடுத்தாள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ராடைத் துடைத்தாள், உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தாள். மேலே கொட்டிய மண் கண்ணில் விழாமலிருக்கத் தலையை ஒருக்களித்து வைத்துக்கொண்டே தேய்த்தாள். "போதுமா?" என்று இப்போது கேட்கவில்லை. தானே விரலால் தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். கிரீஸை நிறைத்து, புதுப் புஷ்ஷை அழுத்தி, கூடவே பொட்டலத்தில் இருந்த ரப்பர் மூடியை இழுத்து மாட்டினாள். கியரை நியூட்ரலில் வைத்துக்கொண்டு கிளாம்பை இறுக்க வேண்டும் என்று சொல்ல அவர் வாய் திறப்பதற்குள், "கியரை நடுவுல வச்சுப் பிடிங்க" என்றாள். அவர் வண்டிக்குள் ஏறி வலது கையால் பிடித்துக்கொண்டார். அடியில் சாக்குக்கட்டிக் கோடுகள் பொருந்தியிருக்க வேண்டும். போல்ட் இறுகுகிற சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது அவள் கன்னம், கழுத்து எல்லாம் கறுப்பு. நேராக அவரை இறங்கச் சொல்லி, தான் ஏறி உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ். மறுபடி ஒன்று, இரண்டு. கம்பு அவள் கையில் கரண்டிபோல் திரும்பியது. ஏழெட்டுத் தடவை போட்டாள். அப்புறம் கியர் மேலேயே கையை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே தெருவில் தான் அன்றைக்கு மாட்டிக்கொண்டு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபிட்டர் கதவருகில் நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்கிற தகுதி தனக்கு இல்லாததும் தெரிந்தது.

"நான் இந்தக் கையை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?" என்றாள். "ராத்திரியில தூக்கம் வராம, இந்தக் கையைத் தனியாப் பாத்துக்கிட்டுக் கிடந்திருக்கேன். நாப்பது வருஷமா மில்லிமீட்டர் பிசகாம வெட்டுற கை, அந்த ஒரு நாள் மட்டும் ஏன் ஆகல, ஏன் ஆகலன்னு."

"என்னைத் திட்டு."

"திட்டினா?" என்று கேட்டாள். இறங்கிப்போய்க் கை கழுவினாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் மெஷின் சத்தம்தான். யாருக்கோ கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள். சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை கழற்ற உதவியும் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அவள் தோளைத் தொட்டு எதையாவது கேட்டுவிடலாமா என்று அவர் இரண்டு தடவை முன்னறை வாசல்வரை போய்த் திரும்பினார்.

சனிக்கிழமை காலை அவள் குளித்துத் தலை வாரிக்கொண்டு வந்து சாவியை எடுத்தாள். ஃபிட்டரும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க வேணாங்க."

"கட்டிலைத் தூக்கணுமே."

"தம்பி இருக்கான். உங்களால தூக்கவும் முடியாது." பிறகு, கதவைத் திறந்துகொண்டே, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள். "அந்த ரோட்டுல நான் ஒரு தடவை தனியா ஓட்டிட்டுப் போகணும். எனக்காகத்தான். வேற ஒண்ணும் இல்ல."

வண்டி பின்னால் நகர்ந்து, தெருவில் திரும்பி, நேராயிற்று. இரண்டாவது கியர் எப்போது விழுந்தது என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சத்தமே கேட்கவில்லை. எதிர்வீட்டு டீச்சர் கைதட்டினாள். "பாத்தீங்களா ஃபிட்டர், கடைசியில உங்க கை இல்லாமலே போயிருச்சு!" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அவர் உள்ளே வந்து டீ போட்டார். ஒற்றைக் கையால் போட்டதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மச்சினன்.

"மாமா, அக்கா வந்துட்டா. வீட்டைத் திறந்து ஜன்னலைக்கூட இன்னும் திறக்கல, அதுக்குள்ள வாசல்ல நிக்குறா. நீங்க கவலைப்படுவீங்கன்னுதான் அடிச்சேன்."

ஃபிட்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கிளம்பி ஐம்பது நிமிஷம். அந்தக் கணக்கை வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாலும் மனசு போட்டுவிட்டது. அன்றைக்கு ஒன்பதரைக்குப் போன் வந்தது. பத்தரைக்கெல்லாம் தாயின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள்.

"மாமா? இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்ள."

"ஆமா, அந்த மல்லுக்கட்டு வண்டியை எப்படி ஓட்டிட்டு வந்தா? இது அன்னைக்கு வந்திருந்தா..." மச்சினன் குரல் கசந்தது. "சரி, விடுங்க. அதைப் பேசி என்ன ஆகப்போவுது."

அக்காவிடம் கேட்டிருக்கிறானா என்று ஃபிட்டர் யோசித்தார். கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். புருஷனை விட்டுக்கொடுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அந்தப் பழி இன்னும் நாலு வருஷமானாலும் அவள் தலையிலேயே இருக்கும், அவளும் இறக்கி வைக்க மாட்டாள்.

"மாப்ள, கொஞ்சம் கேளு. வண்டியில கோளாறு இருந்துச்சு. சின்னக் கோளாறு. ஒரு காலை வேலை. சாமான்கூட வாங்கி வச்சிருந்தேன். நான் மாட்டல."

"இப்ப மாட்டினீங்களா?"

"இப்ப உங்க அக்கா மாட்டினா. நான் சொல்றது அதில்ல. அம்மா போறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே நான் மாட்டியிருக்கணும். தெரிஞ்சேதான் விட்டு வச்சிருந்தேன். அன்னைக்கு உங்க அக்கா கை மேல ஒரு குத்தமும் இல்ல. என்னைத் தவிர யாராலயும் அந்தக் கியரைப் போட்டிருக்க முடியாது. நீ திட்டினது என்னைத் திட்டியிருக்க வேண்டியது."

எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும். வெறும் வீட்டில் நிற்பவனுடைய மூச்சு, சுவர்களில் பட்டுத் திரும்புவதுபோல் கேட்டது.

"இது அக்காவுக்குத் தெரியுமா?"

"வியாழக்கிழமை சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"வேலையை முடிச்சா. அப்புறம் வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டா."

மச்சினன் போனை எங்கோ வைத்துவிட்டான்போல, ஆனால் துண்டிக்கவில்லை. காலடிகள் தூரமாகப் போயின. வேனின் பக்கக் கதவு உருண்டு திறக்கிற ஓசை கேட்டது. பிறகு, "அக்கா" என்று ஒரு குரல், வளர்ந்த ஆம்பிளைக் குரல் மாதிரியே இல்லாமல். "அக்கா, கட்டிலை அப்புறம் தூக்கலாம். இங்க வா. இப்படி உக்காரு. அன்னைக்கு நான்..."

ஃபிட்டர் போனைத் துண்டித்தார். அடுப்பைச் சுற்றி வழிந்திருந்த பால் அதற்குள் காய்ந்து ஏடு பிடித்திருந்தது. துணியை நனைத்துப் பிழிந்து, ஒற்றைக் கையால் அதைச் சுரண்டித் துடைக்கத் தொடங்கினார்.